ரீச்சரைக் கேளுங்கள்: பெயர் இந்த அறையில் இல்லை என்றால் எந்த அறையில்?

போன இதழில் தேர்தல் கடமைக்குப் போன பழைய நாள் ஒன்றைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் வோட்டுப் பற்றித்தான். மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் ரீச்சர். பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை கிடைத்து ஒரு வருடம்தான் ஆகிறது. அடுத்த தேர்தலுக்குப் புதியவர்களையும் கடமைக்குப் போடுவார்களாம். இரவு தெரியாத ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்க வேண்டும், சீட்டுக் கணக்குப் பிழைத்தால் நாங்கள்தான் பொறுப்பு என்று மூத்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையில் அங்கே என்ன வேலை? (சுன்னாகத்தில் இருந்து ஒரு வாசகி)

பதில்: பிள்ளை, பயப்படாதீர்கள். சீட்டுக் கணக்கைப் பார்க்க உங்களுக்கு மேலே ஒரு எஸ்.பி.ஓ. இருப்பார், அதாவது சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர். நான் எழுதுநராகத் தொடங்கி, கடைசி வருடங்களில் எஸ்.பி.ஓ. ஆக இருந்தேன். இருபது வருடத்துக்கு மேல் போயிருக்கிறேன். கணக்குப் பிழைத்து யாரும் அழுததை நான் காணவில்லை. ஆனால் வேறொரு விஷயத்துக்காக நான் அழுதிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அண்மைய தேர்தல்களில் முதல் நாள் காலையில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு வரச் சொல்கிறார்கள். அங்கே பெட்டி, வாக்குச் சீட்டுகள், இடாப்பு (வாக்காளர் பெயர்ப் பட்டியல்), மை, அரக்கு, மெழுகுதிரி, நூல், படிவக் கட்டு எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற வேண்டும். பொலிஸ்காரரும் கூட வருவார். தீவுப் பகுதி கிடைத்தவர்கள் இன்னும் முந்தி வெளிக்கிட வேண்டும். நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானில் இறங்கிக் கடலும் தாண்ட வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போனதும் அன்று மாலையே மேசை, மறைப்பு எல்லாம் ஒழுங்குபடுத்திவிடுங்கள். இரவு இரண்டு வாங்கைச் சேர்த்துப் போட்டுத்தான் படுக்கை. ஒரு போர்வை, நுளம்புத்திரி, டோர்ச், பிஸ்கட், உங்கள் மருந்து, இவை போதும். கிணறும் கழிப்பறையும் எங்கே என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வையுங்கள். ஊர்ச்சனம் அன்பாகப் புட்டும் கறியும் கொண்டு வருவார்கள். கட்சிக்காரர் கொண்டு வந்தால் மட்டும் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

விடிய நாலு மணிக்கு எழும்பினால் கிணற்றடியில் நெரிசல் இல்லை. ஏழு மணிக்கு முன் கட்சிகளின் முகவர்களுக்கு வெறும் பெட்டியைக் காட்டி, பூட்டி முத்திரை வைப்பார்கள். பிறகு வேலை ஒரே சீராக ஓடும். முதல் மேசையில் இருப்பவர் அடையாள அட்டையைப் பார்த்து, இடாப்பில் உள்ள இலக்கத்தையும் பெயரையும் சத்தமாக வாசிப்பார். முகவர்கள் தங்கள் பிரதியில் கோடு போடுவார்கள். அடுத்தவர் விரலில் மை பூச, அடுத்தவர் சீட்டைக் கொடுப்பார். புதியவர்களுக்குப் பெரும்பாலும் மையும் சீட்டும்தான் வரும். முதல் மேசை கிடைத்தால் இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள்.

ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு, மூன்று வாக்களிப்பு நிலையங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி இடாப்பு. வெளியே இலக்கம் போட்ட பலகை தொங்கும். சனத்துக்கு அந்த இலக்கம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒழுங்கை, கோவில், விதானையார் (கிராம அலுவலர்). நீண்ட வரிசை எதுவோ அதில் போய் நிற்பார்கள். ஒரு மணித்தியாலம் நின்று மேசைக்கு வந்ததும், பெயர் இல்லை.

2010 ஏப்ரல் நாடாளுமன்றத் தேர்தல். வலிகாமத்தில் மூன்று நிலையங்கள் இருந்த ஒரு பள்ளிக்கூடம். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, கையில் குடை, வாக்காளர் அட்டை இல்லை. எங்கள் எழுதுநர் தேடினார், கிடைக்கவில்லை. நானும் இரண்டு தரம் புரட்டினேன். “உங்கடை பேர் இதிலை இல்லை அம்மா” என்றேன். “சரி பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மத்தியானம் பக்கத்து அறை எஸ்.பி.ஓ. தேத்தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது கதையோடு கதையாகச் சொன்னேன். அந்த ஒழுங்கையின் வலது பக்கம் ஒரு கிராம அலுவலர் பிரிவு, இடது பக்கம் வேறு பிரிவு. அம்மாவின் வீடு இடது பக்கம், பெயர் பக்கத்து அறையில். ஒரு முகவர் அவரைத் தெரியும் என்றார். ஆனால் அவர் அதற்குள் பஸ் ஏறிக் கொடிகாமத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மாலையில் அந்த அறை இடாப்பைப் பார்த்தேன். அவருடைய பெயருக்கு மேலேயும் கீழேயும் கோடு போட்டிருந்தது. அவருடைய வரியில் இல்லை. அன்றிரவுதான் அழுதேன்.

அதற்குப் பிறகு நான் கடமைக்குப் போன எல்லாப் பள்ளிக்கூடத்திலும் முதல்நாள் இரவே மற்ற எஸ்.பி.ஓ.க்களைக் கூப்பிட்டு, ஒவ்வொருவர் இடாப்பிலும் உள்ள ஜே இலக்கம் (கிராம அலுவலர் பிரிவு இலக்கம்), வீதி, ஒழுங்கை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். அதைப் பெரிய எழுத்தில் படலையில் ஒட்டுவோம். “வைரவர் கோவிலடி ஒழுங்கை, கிணற்றுப் பக்கத்து அறை” என்று எழுதினால் ஊர்ச்சனத்துக்கு விளங்கும். நிற்கும் பொலிஸ்காரரிடமும் ஒரு பிரதி கொடுங்கள், அவரிடம்தான் முதலில் கேட்பார்கள்.

இன்னொன்று. இடாப்பு வீட்டு ஒழுங்கில் போகும். பெயர் கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டில் யார் என்று கேளுங்கள். அவரைக் கண்டுபிடித்தால் இவர் இரண்டு மூன்று வரிக்குள் இருப்பார். கலியாணத்துக்குப் பிறகு முதலெழுத்து மாறியிருக்கும், அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் இடாப்பில் வேறு மாதிரியும் எழுத்து இருக்கும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இருக்கும் ஆளையே இல்லை என்று அனுப்பிவிடுவோம். “இங்கே இல்லை” என்று மட்டும் சொல்லி ஒருவரையும் அனுப்ப வேண்டாம் பிள்ளை. எங்கே போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: வாக்காளர் அட்டை எனக்கு வருவதே இல்லை. அட்டை இல்லாமல் வாக்களிக்க முடியுமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: முடியும். இடாப்பில் பெயர் இருந்தால் அட்டை கட்டாயமில்லை. ஆனால் அடையாள அட்டை கட்டாயம். தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு அல்லது சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை, இவற்றில் ஒன்று போதும். ஒன்றும் இல்லாதவர்கள் தேர்தலுக்கு முன்பே விதானையாரிடம் படத்தோடு போய்த் தற்காலிக அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அன்றைக்குக் காலையில் ஓடினால் நடக்காது. வாக்காளர் அட்டையின் பயன், உங்கள் இலக்கமும் நிலையமும் அதில் இருப்பதுதான். உங்களுக்குக் கடிதம் தரும் தபாலகத்தில் கேட்டுப் பாருங்கள், அனேகமாக அங்கே கிடக்கும். நேரத்தையும் கவனியுங்கள். 2020 இல் மாலை 5 மணி வரை இருந்தது, 2024 இல் 4 மணிக்கே முடிந்தது. பழைய நினைவில் நாலரைக்கு வந்து பூட்டிய படலையோடு நிற்க வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. கண் நன்றாகத் தெரியாது. நான் கூடப் போய்ப் புள்ளடி போட்டுக் கொடுக்கலாமா? (கைதடியில் இருந்து ஒரு மகன்)

பதில்: போகலாம் தம்பி, ஆனால் முன்கூட்டியே தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். படிவத்துக்கு விதானையாரைக் கேளுங்கள், வைத்தியரின் உறுதிப்படுத்தலும் தேவை. உதவிக்குப் போகிறவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். வேட்பாளரோ முகவரோ ஆக இருக்கக் கூடாது. சான்றிதழ் இல்லாவிட்டால் எஸ்.பி.ஓ. இன்னொரு அலுவலர் பார்த்திருக்க அம்மா சொல்கிறபடி அடையாளம் போட்டுக் கொடுப்பார். நான் பலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வயதானவர்கள் சின்னத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். காதுக்குள் மெதுவாகச் சொன்னால் போதும் என்று வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் சீட்டில் முப்பதுக்கு மேல் பெயர் இருந்தது. கண் நன்றாகத் தெரிகிறவர்களே தடுமாறினார்கள். நடக்க முடியாவிட்டால் வாகன வசதிக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் முன்பே விண்ணப்பிக்கலாம். கட்சிக்காரர் வாகனம் அனுப்பினால் ஏற்ற வேண்டாம், அது சட்டப்படி குற்றம்.

கேள்வி: நாங்கள் 1990 இல் மயிலிட்டியில் இருந்து வெளிக்கிட்ட குடும்பம். இப்போது இருப்பது கோப்பாயில். அப்பாவின் பெயர் ஓரிடத்தில், எங்கள் பெயர் வேறிடத்தில் என்கிறார்கள். எங்கே போய் வாக்களிப்பது? (பெயர் வேண்டாம்)

பதில்: உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஊரை விட்டு வந்தாலும் சொந்த இடத்துப் பதிவை வைத்திருக்க 2013 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. இராணுவத்திடம் இருந்து காணி விடுபடும் வரை ஊர் தங்களுடையது என்பதற்கு அந்தப் பதிவும் ஒரு சாட்சி என்று பல தகப்பன்மார் அதை மாற்றவில்லை. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பதிந்தார்கள். ஒரு வீட்டுக்குள் இரண்டு தொகுதி வந்தது இப்படித்தான். அப்பாவைக் குறை சொல்ல வேண்டாம்.

ஒருவருக்கு ஓரிடத்தில்தான் வோட். தேர்தல் அன்று யாராலும் அதை மாற்ற முடியாது. ஆகவே இன்றைக்கே ஒவ்வொருவருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள், பதிந்திருக்கும் இடம் வரும். மாற்ற விரும்பினால் இடாப்பு மீளாய்வு செய்யும் காலத்தில் விதானையாரிடம் சொல்ல வேண்டும். இப்போது தகுதித் திகதி பெப்ரவரி 1. இடாப்புப் பட்டியலைப் பார்வைக்கு வைக்கும்போது போய்ப் பார்த்து, பெயர் விடுபட்டிருந்தால் உடனே முறையிடுங்கள். அப்பா ஊரிலேயே வாக்களிக்க விரும்பினால் அன்று காலை வேளைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். ஊரில் வயதானவர்களுக்கு வாக்களிப்பு நிலையம் தெரியாமல் அலைவதைப் பார்த்தோம். உதவ ஆசை. ஆனால் ஒரு வோட்டால் என்ன வந்துவிடப் போகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். (உயர்தர மாணவன், கொக்குவில்)

பதில்: வீட்டாருக்கு ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள் தம்பி. 2005 நவம்பர் 17, ஜனாதிபதித் தேர்தல். நான் கடமையில் இருந்தேன். ஏழு மணிக்குத் திறந்தோம். வீதியில் சைக்கிள் கூட இல்லை. யாழ். தேர்தல் மாவட்டம் முழுவதிலும் அன்று நூற்றுக்கு இரண்டு பேர் கூட வாக்களிக்கவில்லை. மூடும் வரை இடாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் பெயர்களை வாசித்துக்கொண்டு இருந்தேன். அதற்குப் பிறகு ஒருவர் தானாக வந்து என் பெயர் எங்கே என்று கேட்டால் எனக்கு அது பெரிய விஷயம்.

உங்கள் உதவியைத் தேர்தலுக்கு முந்திய கிழமையிலேயே செய்யுங்கள். உங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் போய், போனில் பதிவைப் பார்த்து, நிலையத்தின் பெயரையும் இடாப்பு இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். எந்தக் கட்சி என்று கேட்க வேண்டாம். மற்றவர்களுடைய அடையாள அட்டையைப் படம் எடுத்து வைக்கவும் வேண்டாம். அன்றைக்குப் படலையில் கூட்டமாக நின்றால் பிரசாரம் என்று சந்தேகிப்பார்கள். உங்கள் வீட்டு முதியவர்களைக் கூட்டிப் போய், வரிசையில் நிற்க முன் அறையைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள், அது போதும். போன் உள்ளே கொண்டு போக முடியாது. 18 வயதான பிறகு பெப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புகளில் தொண்டராகச் சேரலாம்.

கேள்வி: கடமைக்குப் போகிறவர்கள் தங்கள் வோட்டை எப்போது போடுவது? (ஒரு தபால் ஊழியரின் மனைவி, சாவகச்சேரி)

பதில்: தபால்மூல வாக்கு. அதற்கு விண்ணப்பிக்கும் திகதி தேர்தல் அறிவித்த கொஞ்ச நாளிலேயே முடிந்துவிடும். கடமைக் கடிதம் வரட்டும் என்று இருக்க வேண்டாம். அலுவலகத்தில் சுற்றறிக்கை வந்த அன்றே படிவத்தை நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். என்னோடு ஒரு முறை சீட்டு மேசையில் இருந்த இளம் ஆசிரியை பிந்திவிட்டார். அன்று எங்கள் நிலையத்தில் ஒவ்வொரு சீட்டையும் அவர்தான் கிழித்துக் கொடுத்தார். பின்னேரம் பெட்டிக்கு அரக்கு வைக்கும்போது, “என்ரை பேர் மானிப்பாயிலை இருக்கு ரீச்சர்” என்று மட்டும் சொன்னார்.