இயந்திரத்துக்கு இங்கிலீஷ் தெரியாது, டீச்சர்

கேள்வி: பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். வயது 66. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் போன முறை ஊருக்கு வந்தபோது, அவனுடைய பழைய நின்டெண்டோ டிஎஸ் லைட் என்ற கையடக்க வீடியோ கேம் கருவியையும், எழுத்துக் காய்களைப் பலகையில் கோத்து ஆங்கில வார்த்தை அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டின் கேசட்டையும் ‘பொழுது போகும்மா’ என்று கொடுத்துவிட்டுப் போனான். ஆசிரியைதானே என்று எடுத்த எடுப்பிலேயே கடினமான நிலையை வைத்து ஆட ஆரம்பித்தேன். இதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. நான் யோசித்து ஐந்தெழுத்து வார்த்தை போடுவேன். அது இரண்டு எழுத்தை எங்கோ ஓரத்தில் செருகி என்னைவிடப் பல மடங்கு புள்ளி எடுத்துக்கொள்ளும். நான் ‘ஓகே’ என்று போட்டால் செல்லாது. அது போடுவதோ வாயில் நுழையாத வார்த்தைகள். என் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டுதான் ஆடுகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தி, ‘பாட்டிக்கு இங்கிலீஷ் மறந்துபோச்சு’ என்கிறாள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் மனது வலிக்கிறது, கண்ணும் வலிக்கிறது. நிறுத்திவிடட்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

நிறுத்தாதீர்கள். உங்கள் இங்கிலீஷ் எங்கும் போய்விடவில்லை. உங்களைத் தோற்கடிக்கும் அந்தக் கருவிக்குத்தான் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஸ்கிராபிளில் ஜெயிப்பதற்கு மொழி அறிவு நாம் நினைக்கிற அளவுக்குத் தேவைப்படுவதில்லை என்பதற்குக் கண்கூடான சாட்சி இருக்கிறது.

நைஜல் ரிச்சர்ட்ஸ் என்று ஒருவர். நியூசிலாந்துக்காரர், மலேசியாவில் வசிப்பவர், ஆங்கில ஸ்கிராபிளில் பலமுறை உலக சாம்பியன். 2015-ல் அவர் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிளின் உலகப் பட்டத்தையும் ஜெயித்தார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. போட்டிக்கு முன் ஒன்பது வாரம் உட்கார்ந்து, செல்லும் வார்த்தைகளின் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போனார், அவ்வளவுதான். 2024-ல் ஸ்பானிஷ் பட்டத்தையும் இதே மாதிரி வாங்கிவிட்டார். அந்த மொழியும் அவருக்குப் பேசத் தெரியாது. பிரெஞ்சையே தாய்மொழியாகக் கொண்டவர்களெல்லாம் அன்றைக்கு அவரிடம் தோற்றார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சு மறந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? பேத்தியிடம் இந்தக் கதையை அவசியம் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். அந்தக் கருவி உங்கள் எழுத்துகளை எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஸ்கிராபிள் ஆடும் நிரல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இது புரியும். பிரிட்டிஷ் வழக்கிலான போட்டிப் பட்டியலில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வார்த்தைகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துத் தேடினால் நேரமாகும். அதனால் ஒரே மாதிரி தொடங்கும் வார்த்தைகளுக்குத் தொடக்கத்தை ஒருமுறையும், ஒரே மாதிரி முடியும் வார்த்தைகளுக்கு முடிவை ஒருமுறையும் மட்டும் எழுதி, கிளை கிளையாகப் பின்னி வைக்கிறார்கள். ஆண்ட்ரூ ஆப்பெல், கை ஜேக்கப்சன் என்ற இருவர் 1988-லேயே இந்த வழியை விரிவாக எழுதி வெளியிட்டுவிட்டார்கள். நிரல் தன் ஏழு எழுத்துகளை வைத்துக்கொண்டு, பலகையின் 15 வரிசை, 15 பத்தி எல்லாவற்றிலும் எங்கெல்லாம் என்ன வைக்க முடியும் என்று ஒன்றுவிடாமல் பார்த்துவிடும். எது அதிகப் புள்ளி தருகிறதோ அதை வைக்கும். நன்றாக எழுதப்பட்ட நிரல், வைத்தபின் கையில் மிஞ்சும் எழுத்துகள் அடுத்த முறைக்கு உதவுமா என்றும் கணக்குப் போடும். நீங்கள் ஒரு நல்ல வார்த்தையைத் தேடுகிறீர்கள். அது ஒரு நல்ல இடத்தைத் தேடுகிறது.

எழுத்து விழுவதில் ஓரவஞ்சனை இருக்கிறதா என்றும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மொத்தம் 100 காய். அதில் எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக்காய் 2, எஸ் 4. ஆட்டத்தைத் திருப்பிப்போடக் கூடியவை முக்கியமாக இந்த ஆறும்தான். ஒரு நோட்டில் பத்து ஆட்டத்துக்கு, இவை யாருக்கு எத்தனை வந்தன என்று குறித்துக்கொண்டே வாருங்கள். நமக்கு வராத எஸ் நினைவில் நிற்கிற அளவுக்கு வந்த எஸ் நிற்காது. எழுதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

‘ஓகே’ விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த வார்த்தை வட அமெரிக்கப் பட்டியலில் 2018-லும், பிரிட்டிஷ் பட்டியலில் 2019-லும்தான் சேர்ந்தது. உங்கள் கேசட் அதற்குப் பல வருடம் முந்தையது. கைப்பேசி விளையாட்டு மாதிரி அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது. பதிந்த அன்று இருந்த பட்டியலோடு அப்படியே நின்றுவிட்டது. அதனால் ‘ஓகே’வை மறந்துவிட்டு, அதற்குத் தெரிந்தவற்றை நாம் தெரிந்துகொள்வோம்.

முதல் வேலை, நிலையைக் கீழே இறக்குங்கள். ஆசிரியையாக இருந்துவிட்டு எளிய நிலையில் ஆடுவதா என்று தயங்க வேண்டாம். எளிய நிலை என்பது பொதுவாக, கருவி புழக்கத்தில் உள்ள வார்த்தைகளோடு நிறுத்திக்கொள்வதோ, கிடைத்ததில் மிகச் சிறந்ததை வேண்டுமென்றே விட்டுவிடுவதோதான். மனிதர்கள் ஆடுவது அப்படித்தானே! அங்கே ஆடினால்தான் உங்கள் ஆட்டத்தில் எது சரி, எது தவறு என்று பிடிபடும். எப்போதும் பெரிய வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டிருந்தால் எதுவும் பிடிபடாது.

அடுத்தது இரண்டெழுத்து வார்த்தைகள். உங்களைத் தோற்கடிப்பவை இவைதான், உங்களை ஜெயிக்க வைக்கப்போவதும் இவைதான். ஒரு கணக்கைப் பாருங்கள். ‘ஹவுஸ்’ என்று ஐந்து எழுத்து வைத்தால், புள்ளியைப் பெருக்கித் தரும் சிறப்புக் கட்டம் எதுவும் படாதபோது 8 புள்ளி. இப்போது பலகையில் ‘டாக்சி’ என்று படுக்கையாக ஒரு வார்த்தை கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கடைசி எழுத்தான ஐ-க்கு நேர் மேலே, எழுத்துக்கு மூன்று மடங்கு தரும் கட்டம் இருக்கிறது. அதில் க்யூவை வைத்து, அதற்கு வலப்பக்கம் ஒரு ஐ வையுங்கள். படுக்கையாக ‘க்யூ-ஐ’, மேலிருந்து கீழாகவும் ‘க்யூ-ஐ’. சீன மரபில் உயிராற்றலைக் குறிக்கும் வார்த்தை அது, 2006-ல் போட்டிப் பட்டியலுக்குள் வந்தது. க்யூவுக்கு 10 புள்ளி, மூன்று மடங்கில் 30, அதோடு ஐ-க்கு 1. இரண்டு திசையிலும் 31. ஆக மொத்தம் 62! இரண்டே காய். உங்கள் கேசட் இந்த வார்த்தையை ஏற்கிறதா என்று முதலில் போட்டுப் பார்த்துவிடுங்கள். 2006-க்கு முந்தைய பட்டியலாக இருந்தால் ஏற்காது.

இப்படிப்பட்ட இரண்டெழுத்து வார்த்தைகள் ஆங்கிலத்தில் நூற்றுச் சொச்சம் செல்லும். வரிசையாக உருப்போட்டால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். வகுப்பில் நீங்கள் செய்திருப்பது போலக் குடும்பம் குடும்பமாகப் பிரியுங்கள். இசைச் சுரங்கள் ஒரு குடும்பம்: டோ, ரே, மி, ஃபா, லா, டீ எல்லாம் செல்லும். கிரேக்க எழுத்துகள் இன்னொன்று: மியூ, நியூ, பை, ஸை. ஆங்கில எழுத்துகளின் பெயர்களையே எழுத்துக்கூட்டி வைக்கலாம்: எஃப், எல், எம், என், ஆர், எஸ், எக்ஸ் எல்லாவற்றுக்கும் இரண்டெழுத்து வடிவம் உண்டு. வாயிலிருந்து தானாக வரும் ஒலிகளும் அப்படியே: ஆ, ஓ, ஏ, ‘ஷ்’, ‘ஹ்ம்’. கடைசி இரண்டிலும் உயிரெழுத்தே கிடையாது. கையில் மெய்யாக வந்து குவிந்திருக்கும்போது அவை கைகொடுக்கும். இரண்டெழுத்து இல்லைதான், ஆனால் நம் ஊர்ப் புடவையான ‘சாரி’யும், ‘தோசா’வும்கூட ஆங்கிலப் பட்டியலில் இருக்கின்றன, கூச்சப்படாமல் வையுங்கள்.

இவை கைவந்துவிட்டால் ஒரு வார்த்தைக்குப் பக்கத்திலேயே இன்னொன்றை ஒட்டி வைக்க வரும். குறுக்கே உண்டாகிற ஒவ்வொரு இரண்டெழுத்துக்கும் தனித்தனியாகப் புள்ளி சேரும். கருவி ‘எங்கோ ஓரத்தில் செருகி’ வாங்கியது இப்படித்தான்.

எஸ் வந்தவுடன் பன்மையாக்கிச் செலவழிக்காதீர்கள். இந்த விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்த கட்டடக் கலைஞர். செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கையாலேயே எண்ணித்தான் காய்களின் எண்ணிக்கையை முடிவு செய்தார். ஈ 12 வைத்தவர், எஸ்ஸை மட்டும் நாலோடு நிறுத்திக்கொண்டார். இல்லாவிட்டால் எல்லாரும் பன்மையாகவே போட்டு ஆட்டத்தை ஓட்டிவிடுவார்கள். அவ்வளவு கறாராக அளந்து கொடுத்த எழுத்தை 5 புள்ளிக்கு விட்டுவிடக் கூடாது. (அவருக்கு எழுத்துப்பிழை நிறைய வருமாம். அவர் மனைவி நைனா பள்ளி ஆசிரியை. அந்த வீட்டில் நன்றாக ஆடியவர் அந்த டீச்சர்தான்.)

கையில் இருப்பவற்றில் உயிரும் மெய்யும் கலந்து நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ‘ரெட்டினா’ என்ற வார்த்தையின் ஆறு எழுத்துகளும் சேர்ந்து வந்தால் விடவே விடாதீர்கள். அதோடு சி சேர்ந்தால் ‘சர்ட்டன்’, ஜி சேர்ந்தால் ‘கிரானைட்’, எஸ் சேர்ந்தால் ‘ரிடெய்ன்ஸ்’. ஏழு காயையும் ஒரே முறையில் இறக்கினால் கூடுதலாக 50 புள்ளி. எழுத்துக்கூட்டலில் ஊறிய உங்களுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும். உங்கள் படிப்பு நேரடியாக உதவுகிற இடம் இதுதான். எதுவும் சேராத கையாக இருந்தால், பையில் ஏழு காயாவது மிச்சம் இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். ஒரு முறை ஆடும் வாய்ப்பு போகும், பரவாயில்லை. மூன்று சுற்று 6, 7 என்று எடுத்துக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

கண் வலிக்குக் காரணம் இருக்கிறது. டிஎஸ் லைட்டின் திரை சுமார் 3 அங்குலம். அதன் உயரத்தில் இருப்பது 192 ஒளிப்புள்ளிகள்தான். 15 வரிசைப் பலகை முழுவதையும் அதில் காட்டினால் ஒரு கட்டத்தின் உயரத்துக்குப் பன்னிரண்டு புள்ளி கிடைக்கும். அந்த அளவில் ஓ எது, க்யூ எது என்று தேட வேண்டியிருந்தால் அது உங்கள் குறை இல்லை. வெளிச்சத்தை நாலு படிகளில் மாற்றலாம். இரவில் குறைத்து, பகலில் கூட்டி வையுங்கள். மகன் அடுத்த முறை வரும்போது டிஎஸ்ஐ எக்ஸ்எல் என்ற மாடல் பழையது கிடைத்தால் வாங்கி வரச் சொல்லுங்கள். திரை 4.2 அங்குலம், இதே கேசட் அதிலும் ஓடும். ஆனால் உங்களிடம் இருக்கும் சார்ஜர் அதற்குப் பொருந்தாது, சேர்த்தே வாங்கச் சொல்லுங்கள். அதற்கு முன், கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. இந்த வயதில் கண்புரை தொடங்கியிருந்தாலும் சின்ன எழுத்து இப்படித்தான் தொல்லை கொடுக்கும். மடியில் வைத்துக் குனிந்து ஆடாமல் மேஜைமேல் ஒரு தலையணை போட்டு வைத்து ஆடுங்கள்.

கடைசியாகப் பேத்தி. அவளையும் ஆட்டத்தில் இழுத்துவிடுங்கள். ஒரே கருவியை மாற்றி மாற்றிக் கொடுத்து இரண்டு பேர் ஆடும் வசதி பெரும்பாலும் இருக்கும். மெனுவில் தேடச் சொன்னால் அவளே கண்டுபிடித்துவிடுவாள். இல்லையென்றால் அட்டைப் பலகையே ஒன்று வாங்கிவிடலாம். இயந்திரத்தோடு ஆடுவது உங்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும். உண்மையான ஆட்டம் அவளோடு. அவள் அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் பார்க்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் வயது வித்தியாசம் சமனாகிவிடும். கூடவே உங்கள் வீட்டு விதி ஒன்று: யார் எந்த வார்த்தையை வைத்தாலும் அதை ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் புள்ளி பாதிதான். இந்த விதிப்படி ஆடினால் அந்தக் கருவிக்கு எப்போதும் பாதிப் புள்ளிதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. போட்டிப் பட்டியலில் கெட்ட வார்த்தைகளும் இருக்கும். அர்த்தம் தெரியாத கருவி அவற்றைத் தயங்காமல் வைத்துவிடும். குழந்தைகளுக்கென்று தனி அமைப்பு உங்கள் கேசட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அவள் தனியாக அதனோடு ஆடும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். படிக்கிற நேரம் வந்துவிட்டால் ஆட்டத்தை முடிக்கத்தான் வேண்டும் என்றில்லை. டிஎஸ்ஸின் மூடியை மூடினால் அப்படியே உறங்கிவிடும், திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ராத்திரி முழுக்க அப்படி விடுவதாக இருந்தால் சார்ஜில் போட்டு வையுங்கள்.