தெப்பக்குளத்துப் பச்சை

கேள்வி: வண்டியூர் தெப்பக்குளப் புகைப்படத்தை வைத்து, எண் பார்த்து வண்ணம் தீட்டும் கேன்வாஸை மகளுக்காக வீட்டிலேயே தயாரிக்க முடியுமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: தாராளமாக முடியும் அம்மா. வண்ணங்கள் பத்து, பன்னிரண்டு போதும். படத்தின் பின்புறம் பென்சிலைத் தேய்த்து, கேன்வாஸில் வைத்துக் கோடுகளை மட்டும் பதியுங்கள். மைய மண்டபத்திலும் நீரிலும் வெளிச்சம், நிழல் என்று பகுதி பிரித்து எண் இடுங்கள். எண் எழுதும்போது பென்சிலை அழுத்தவே கூடாது. மஞ்சளும் வெள்ளையும் அடியில் உள்ள எண்ணை எளிதில் மறைக்காது. அக்ரிலிக் வண்ணம் காய்ந்ததும் சற்று அடர்ந்துவிடும். ஆகவே, கலந்ததைத் தாளில் தடவி, காயவிட்டுப் பார்த்த பிறகே டப்பாவில் எண் எழுதுங்கள். எதையும் தேவைக்கு மேலாகவே கலந்து, இறுக மூடி வையுங்கள். குளத்து நீருக்கான பச்சை ஒருமுறை எனக்குப் பாதியில் தீர்ந்துபோனது. அதே பச்சையைத் திரும்பக் கொண்டுவர ஒரு மாலை முழுவதும் போராடினேன்.