பெயின்ட் அடித்த நங்கூரம் ஏன் உதிர்கிறது?

கேள்வி: மீனவ நண்பர் ஒருவரின் வலையில் சிக்கிய பழைய இரும்பு நங்கூரத்தை வாங்கினேன். நல்ல தண்ணீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடும் கறுப்பு பெயின்ட்டும் அடித்து வரவேற்பறையில் வைத்தேன். சில மாதங்களிலேயே பெயின்ட் கொப்பளித்து, இரும்பு செதில் செதிலாக உதிர்கிறது. இன்னும் உயர்ந்த ரக பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். கோளாறு பெயின்ட்டில் இல்லை. பல ஆண்டுகள் கடலில் கிடந்த இரும்பில், துருவின் அடுக்குகளைத் தாண்டி உலோகத்தின் விளிம்பு வரை குளோரைடு உப்பு ஊறியிருக்கும். கரைக்கு வந்து காற்றுப் பட்டதும் அது அமிலமாகி இரும்பைத் தின்னத் தொடங்குகிறது. அப்போது உண்டாகும் புதுத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். அதனால்தான் மேல்தோலைப் பிளந்துகொண்டு வருகிறது. மேலே கழுவியதில் உள்ளே இருக்கும் உப்பு அசைந்திருக்காது.

நிபுணர்கள் கையிலேயே இப்படி நடந்திருக்கிறது. பிரிட்டன் கடற்படையின் முதல் நீர்மூழ்கிக் கப்பல் 'ஹாலந்து 1'. 1901-இல் பாரோ துறையில் நீரில் இறக்கப்பட்டது. 64 அடி நீளம், எட்டுப் பேர் குழு. 1913-இல் 410 பவுண்டுக்குப் பழைய இரும்பாக விற்றார்கள். உடைப்பதற்காக இழுத்துச் செல்லும்போது புயலில் சிக்கி, எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்கு அருகே மூழ்கிவிட்டது. 1981-இல் கண்டுபிடித்து, 1982-இல் மேலே எடுத்து, துருத் தடுப்பு மருந்து பூசி, காஸ்போர்ட்டில் உள்ள நீர்மூழ்கி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கடலைத் தாங்கிய கப்பல், பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் காற்றைத் தாங்கவில்லை. கடைசியில் கப்பலைச் சுற்றியே கண்ணாடியிழைத் தொட்டி கட்டி, சோடியம் கார்பனேட் கரைசலை நிரப்பி, நான்கு ஆண்டுகள் ஊறவைத்து உப்பை வெளியேற்றினார்கள். 2001 முதல் ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட தனிக் கட்டடத்தில் இருக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864-இல் மூழ்கிய 'ஹன்லி' நீர்மூழ்கிக் கப்பலை 2000-இல் எடுத்தவர்கள் உலரவே விடவில்லை. நேராகக் குளிர்ந்த நன்னீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனார்கள்.

சோடியம் கார்பனேட் என்பது நம் சலவைச் சோடாதான். ஆப்ப சோடா அல்ல. முதலில் பெயின்ட் ரிமூவர் கொண்டு பெயின்ட்டை முழுவதும் எடுங்கள். சுத்தியலும் தீச்சுடரும் கூடவே கூடாது. நங்கூரம் வார்ப்பிரும்பாக இருந்தால், பார்வைக்கு முழுசாக இருக்கும். ஆனால் மேற்பகுதி வெறும் கிராஃபைட்டாக மாறி, கத்தி முனைக்கே பெயரும். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் லிட்டருக்கு 50 கிராம் சோடா கலந்து, நங்கூரம் முழுவதும் மூழ்கும்படி வையுங்கள். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்துவிடும். போர்வெல் தண்ணீரில் ஏற்கெனவே குளோரைடு இருக்கும், மழைநீர் நல்லது. கையுறை அணியுங்கள்.

சில வாரங்களுக்கு ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். எப்போது நிறுத்துவது என்பதற்கு ஒரு சோதனை உண்டு: பழைய கரைசலில் கொஞ்சத்தைக் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்து, சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெண்மையாகக் கலங்கினால் குளோரைடு இன்னும் வருகிறது. ஆனால் முதலில் நைட்ரிக் அமிலம் சேர்த்து, நுரை அடங்கிய பிறகே சொட்டு விட வேண்டும். இல்லாவிட்டால் சோடாவே கலங்கி ஏமாற்றிவிடும். மாதங்கள் ஆகலாம், ஓராண்டைத் தாண்டவும் கூடும். பாதியில் எடுத்தால் இப்போதிருக்கும் நிலைக்கே திரும்புவீர்கள்.

சோதனையில் கரைசல் கலங்காத நிலை வந்தபின், சோடா போகும்வரை மழைநீரில் அலசி, நன்றாக உலர்த்தி, டானிக் அமிலக் (tannic acid) கரைசலைத் தூரிகையால் பூசுங்கள். இரும்பு நீலக்கறுப்பாக மாறும். அதன்மேல் மெழுகு போதும். பிற்பாடு எங்காவது மஞ்சள் பழுப்புத் துளி கசிந்தால், மெழுகை எடுத்துவிட்டு மறுபடியும் தொட்டியில் போடலாம். பெயின்ட்டுக்கு அடியில் அந்தத் துளி கண்ணில் படாது.