கையைக் கடிக்காத குடும்பப் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான், என் கணவர், 9 வயது மகள், 4 வயது மகன், 68 வயது மாமியார் ஆகிய ஐவரும் தை மாதத்தில் இரண்டு இரவுகள் வெளியூரில் தங்கிவர விரும்புகிறோம். எல்லாவற்றுக்கும் சேர்த்து 8,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். கூடாரத்தில் தூங்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். ஊட்டி அல்லது கொடைக்கானல் கட்டுப்படியாகுமா?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சிக்கனமாகப் போனால் ஊட்டியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் இரண்டு இரவுப் பயணத்தில் பெரும்பகுதி வண்டியிலேயே கழியும். மாமியாருக்கு முதுகுவலியும் சின்னவனுக்கு மலைப்பாதையில் வாந்தியும் வந்தால், ஒதுக்கிய பணம் மருந்துக்கும் வாடகை வண்டிக்கும் போய்ச் சேரும். குடும்பச் சுற்றுலாவில் பணத்தை விழுங்குபவை போக்குவரத்தும் அறை வாடகையும்தான். ஆகவே தொலைவைக் குறையுங்கள், ஒரே ஊரில் இரண்டு இரவும் தங்குங்கள் என்பதே என் உறுதியான யோசனை. உங்களுக்குச் சிதம்பரம் மிகப் பொருத்தமான ஊர்.

உங்கள் ஊர் நிலையத்திலேயே பயணிகள் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சிதம்பரத்தில் இறங்கிவிடலாம். 5 வயது நிறையாத மகனுக்குப் பயணச்சீட்டு தேவையில்லை. 5 முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, குறைந்தபட்சக் கட்டணத்துக்கு உட்பட்டு, அரைக் கட்டணம். (முன்பதிவுப் பெட்டியில் மகளுக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம் என்பதைப் பின்னாளில் நீண்ட பயணம் திட்டமிடும்போது நினைவில் வையுங்கள்.) சிதம்பரத்தில் ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் இடைப்பட்ட பகுதியில், நடந்தே போகக்கூடிய தொலைவில், ஐந்து பேர் படுக்கும் ஒரே அறையாகக் கேளுங்கள். அறையைக் கண்ணால் பார்த்து, கழிப்பறை மேற்கத்திய முறையில் உள்ளதா, தரைத் தளமா, மின்தூக்கி வேலை செய்கிறதா என்று உறுதிசெய்த பிறகே முன்பணம் கொடுங்கள். மாமியாரின் இரண்டு நாள் நிம்மதி இதில்தான் இருக்கிறது.

முதல் நாள் மாலை நடராசர் கோயில். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் வெயில் நேரத்தை ஓய்வுக்கு விட்டுவிடுங்கள். இரண்டாம் நாள் விடிந்ததும் பிச்சாவரம் புறப்படுங்கள். சிதம்பரத்திலிருந்து போகும் பேருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தாக இருந்தால் உங்களுக்கும் மாமியாருக்கும் மகளுக்கும் கட்டணமே இல்லை. 2021 மே மாதம் முதல் இந்தச் சலுகை நடைமுறையில் இருக்கிறது. சுமார் 1,100 ஹெக்டேர் பரப்புள்ள அந்த அலையாத்திக் காட்டில் துடுப்புப் படகையே கேளுங்கள். மரங்கள் கவிந்து நிற்கும் குறுகிய வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும். இயந்திரப் படகு அகன்ற நீர்ப்பரப்போடு நின்றுவிடும். உயிர்காப்பு உடையைச் சின்னவனுக்கு அவன் அளவில் கேட்டு வாங்குங்கள். அந்தக் காட்டில் தில்லை மரமும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதால், கிளை எதையும் ஒடிக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் படகில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் நாள் காலையில் காட்டுமன்னார்கோயில் வழியாகச் செயங்கொண்டம் பக்கம் போகும் பேருந்தில் கங்கைகொண்ட சோழபுரம் போய்வரலாம். முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கோயில் அது. 2004 முதல் உலக மரபுச் சின்னம். விரிந்த புல்வெளி இருப்பதால் பிள்ளைகள் ஓடட்டும், பெரியவர் நிழலில் அமரட்டும். நண்பகலுக்கு முன் பார்த்து முடித்துவிட வேண்டும்.

8,000 ரூபாயில் பாதிக்கு மேல் அறைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1,000 ரூபாயைத் தனியாக எடுத்து மாமியாரிடம் கொடுத்து வையுங்கள். மருத்துவத்துக்கோ நள்ளிரவில் ஆட்டோவுக்கோ தவிர அதைத் தொடவே கூடாது.

கூடார ஆசையை இந்தப் பயணத்தோடு சேர்க்க வேண்டாம். முந்தைய வாரம் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஓர் இரவு போட்டுப் பாருங்கள். நள்ளிரவில் சிறியவன் அழுதால் கீழே இறங்கிப் படுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனால், அடுத்த முறை பண்ருட்டிப் பக்கமோ குறிஞ்சிப்பாடிப் பக்கமோ உறவினரின் முந்திரித் தோப்பில், வீட்டுக்குக் கூப்பிடு தொலைவில் கூடாரம் அடித்துக்கொள்ளலாம். அங்கே சருகைப் பெருக்கிய வெற்றுத் தரையில்தான் கூடாரம் இருக்க வேண்டும். இரவில் டார்ச் இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது. பாம்பு கடித்துவிட்டால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. 108-ஐ அழைத்து, கடிபட்டவரை அசையாமல் வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கேள்வி: நண்பர்கள் மூவரின் குடும்பங்கள் சேர்ந்து, சனிக்கிழமை இரவு கடற்கரையில் கூடாரம் அடித்து, நெருப்பு மூட்டி மீன் சுட்டுச் சாப்பிடலாம் என்று திட்டமிடுகிறோம். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலோ பெண்ணையாற்று மணலிலோ செய்யலாமா? செலவே இருக்காது அல்லவா?
— வாசகர், இலாசுப்பேட்டை, புதுச்சேரி

பதில்: இரண்டு இடங்களும் வேண்டாம் என்பதே என் பதில். பொதுக் கடற்கரையில் இரவு தங்குவது காவல்துறை அனுமதிக்கும் காரியம் அல்ல. குடும்பத்தோடு நள்ளிரவில் எழுப்பி அனுப்பப்பட்டால் பிள்ளைகளுக்கு அதுதான் நினைவில் நிற்கும். மேலும், தை முதல் பங்குனி வரை இந்தக் கரையோரத்தில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. வெளிச்சத்தையும் ஆள் நடமாட்டத்தையும் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகளோ கடலை விட்டு விளக்கை நோக்கி நகர்ந்து மடியும். உங்கள் நெருப்பும் விளக்கும் அவ்வளவு சேதம் செய்யக்கூடியவை.

ஆற்று மணல் இன்னும் ஆபத்தானது. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 இலட்சம் கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டு, பெண்ணையாற்றின் கரையோர ஊர்கள் எப்படி மூழ்கின என்பதைக் கடலூர்க்காரர்கள் கண்ணால் கண்டவர்கள். மழை திருவண்ணாமலைப் பக்கம் பெய்தாலும் வெள்ளம் இங்கே வரும். தூங்குகிறவர்களுக்கு அது சொல்லிக்கொண்டு வராது. வறண்ட ஆறு என்று எண்ணி ஆற்று மணலில் படுக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கரையோரக் கூடாரத்தையே மறந்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்ததும், 2024-இல் ஃபெஞ்சல் தாக்கியதும் இந்தப் பருவத்தில்தான்.

செலவு குறைய வேண்டுமானால், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டித் தோப்பு வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் முறையாகக் கேட்டு, கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் ஒரு தொகை பேசி, மூன்று குடும்பங்களும் பகிர்ந்துகொள்ளுங்கள். அங்கேயும் தென்னை மரத்தடி ஆகாது. நெருப்பைக் காற்று வீசாத, சருகு இல்லாத இடத்தில் மூட்டி, படுக்கும் முன் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள்.

கேள்வி: முதன்முதலாகக் கூடாரம் வாங்குகிறோம். நாங்கள் நால்வர். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: முதல் முறை வாங்கவே வாங்காதீர்கள், வாடகைக்கோ நண்பரிடம் இரவலாகவோ பெற்று ஓர் இரவு படுத்துப் பாருங்கள். பிறகும் வாங்கத் தோன்றினால், 'நால்வர் கூடாரம்' என்று எழுதியிருப்பது நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் அளவு மட்டுமே என்பதைத் தெரிந்துகொண்டு, பையும் வைக்க இடம் வேண்டுமென்றால் அதற்கு அடுத்த அளவை எடுங்கள்.

நம் கடலோரப் புழுக்கத்துக்கு ஒற்றைத் துணிக் கூடாரம் ஒத்துவராது. மூச்சுக்காற்றின் ஈரம் உள்பக்கம் படிந்து, விடியற்காலையில் மழை பெய்ததுபோல் சொட்டும். உள்ளே வலையும் வெளியே மழைத் துணியுமாக இரட்டை அடுக்கு உள்ளதை வாங்கினால், வானம் தெளிவாக உள்ள இரவில் வெளித்துணியைக் கழற்றிவிட்டுக் காற்றோட்டமாகப் படுக்கலாம், கொசுவும் நுழையாது. தரையில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் விளிம்பைத் தாண்டி நீளக் கூடாது. நீண்டால் மழைநீரைச் சேர்த்து நேராக உங்கள் படுக்கைக்கு அடியில் கொண்டுவந்துவிடும்.

கூடாரத்தோடு தரும் மெல்லிய கம்பி முளைகள் செம்மண் தரைக்குப் போதும். மணலில் அவை பிடிக்காது. துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள், கடற்காற்றுக்கும் அசையாது. மெழுகுவர்த்தி, கொசுவர்த்திச் சுருள் இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே ஏற்றக் கூடாது. ஊர் திரும்பிய அன்றே நல்ல தண்ணீரில் ஜிப்பைக் கழுவி, நிழலில் முழுதாகக் காயவைத்து மடியுங்கள். ஈரத்தோடு மடித்த கூடாரத்தில் பூஞ்சை பிடித்தால் அந்த வாடை போகவே போகாது.

கேள்வி: ரயிலில் சேலம் போய் ஏற்காடு செல்கிறோம். உணவுச் செலவைக் குறைக்கச் சிறிய அடுப்பும் சிலிண்டரும் எடுத்துச் செல்லலாமா? காலியான சிலிண்டர் என்றால்?
— வாசகர், நெய்வேலி

பதில்: காலியானதையும் எடுத்துச் செல்லாதீர்கள். ரயிலில் தீப்பற்றும் பொருள் கொண்டுபோவது ரயில்வே சட்டப்படி சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம். 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், சட்டத்தை மீறிக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். ஒரு வேளைச் சோற்றின் விலைக்காக அந்த ஆபத்தை ஒரு பெட்டி நிறைய மனிதர்கள் மேல் சுமத்த நமக்கு உரிமை இல்லை. ஏற்காட்டில் சமையலறை வசதியுள்ள தங்குமிடமாகப் பார்த்து எடுத்தால் உங்கள் நோக்கம் நிறைவேறும்.

கேள்வி: கல்வராயன் மலையிலோ வேறு மலையிலோ பிள்ளைகளோடு காட்டுக்குள் நடந்துபோய் முகாமிட ஆசை. உள்ளூர் ஆள் ஒருவரை அழைத்துக்கொண்டால் போதுமா?
— வாசகர், வில்லியனூர்

பதில்: போதாது. காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அனுமதியும் பருவமும் எவ்வளவு முக்கியம் என்று தமிழ்நாடே உணர்ந்தது. அதன் பிறகு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளை வனத்துறையே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு இணையவழி முன்பதிவுக்குத் திறந்துவிட்டது. எளிய பாதை ஒன்றைத் தேர்ந்து, வயது வரம்பைப் படித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

பிள்ளைகளின் கால் வலிமையை முதலில் செஞ்சிக் கோட்டையில் பார்த்துக்கொள்ளலாம். 2025-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த அந்தக் கோட்டையில் 15 வயதுக்கு உட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. திறந்தவுடன் ராஜகிரி ஏறத் தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். தின்பண்டத்தைக் குரங்கின் கண்ணில் காட்டாதீர்கள். ஏற முடியாதவர்கள் அடிவாரத்தில் கல்யாண மகாலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: ஓட்டல் செலவைத் தவிர்க்க, இரண்டு நாளுக்கும் கட்டுச்சோறு கட்டச் சொல்கிறார் கணவர். எது கெடாமல் இருக்கும்?
— வாசகி, பண்ருட்டி

பதில்: நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிக் கிளறிய புளியோதரை, சோறு நன்றாக ஆறிய பிறகு கட்டினால், மறுநாள் காலை வரை தாங்கும். மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி அன்று இரவு வரை. தயிர்சாதத்துக்குச் சோற்றைப் பாலில் குழைத்து ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் நண்பகலில் புளிக்காமல் இருக்கும். தேங்காய் சேர்ந்த எதுவும் முதல் வேளையிலேயே தீர்ந்துவிட வேண்டும். வறுத்த முந்திரிக்கும் கடலை மிட்டாய்க்கும் உங்கள் ஊரில் பஞ்சமில்லை.

ஆனால் இரண்டாம் நாளுக்குக் கட்டிக்கொண்டு போவதை நான் ஏற்க மாட்டேன். சோறு கெடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, புறப்படும் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஆறு வேளைக்குச் சமைத்துவிட்டு வண்டியில் ஏறுகிறவருக்கு அது சுற்றுலாவே இல்லை. உங்கள் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விட்டுவிட்டு மிச்சம் பிடித்ததாகச் சொல்லக் கூடாது. முதல் நாள் கட்டுச்சோறு, அதையும் கணவர் சேர்ந்து கிளறட்டும். இரண்டாம் நாள் காலை இட்லிக் கடை, மதியம் அளவுச் சாப்பாடு. அந்தப் பணத்தை வாடகைக் காரைத் தவிர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிலை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

கேள்வி: புதுச்சேரிக்கு ஒரே நாளில், பெரிய செலவில்லாமல் குழந்தைகளை அழைத்துப்போக வேண்டும்.
— வாசகர், விருத்தாசலம்

பதில்: காலையில் புதுச்சேரிக்கு அருகிலுள்ள திருவக்கரை கல்மரப் பூங்காவைப் பாருங்கள், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவை புதைந்திருந்த பாறைக்குப் புவியியலாளர்கள் இட்ட பெயரே 'கடலூர் மணற்கல்' என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மாலையில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் கவலையின்றி நடக்கலாம். வார இறுதியில் அங்கே அறை வாடகை ஏறிவிடும்; தங்க நேர்ந்தால் பேருந்தில் கடலூர் வந்து தங்குவது மேல்.