டாக்டர் வியின் வீடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமியைப் பற்றிய உங்கள் குறிப்பில் அவரை ‘நல்ல மருத்துவர், நல்ல குடும்பத்தலைவர்’ என்று எழுதியிருந்தீர்கள். அவர் மணமே செய்துகொள்ளாதவர் அல்லவா? என் தந்தையும் மருத்துவர்தான். சென்ற ஆண்டு மறைந்தார். அஞ்சலி செலுத்த வந்தவர்கள் அனைவரும் அவருடைய கைராசியைப் பற்றிப் பேசினார்கள். நள்ளிரவில் நோயாளி கதவைத் தட்டும்போது முதலில் எழுந்து விளக்கைப் போட்டவர் என் அம்மா. அவரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊருக்கு உழைத்தவர்களை நினைவுகூரும்போது மட்டும் வீட்டை ஏன் மறந்துவிடுகிறோம்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஆதங்கம் முழுக்க நியாயமானது. டாக்டர் வி என்று எல்லோரும் அன்போடு அழைத்த அந்த மனிதரின் வாழ்க்கையை, அவருடைய வீட்டை விலக்கிவிட்டுச் சொல்லவே முடியாது; அதனால்தான் அப்படி எழுதினேன்.

1918 அக்டோபர் 1 அன்று, கரிசல் நிலத்துச் சிற்றூரான வடமலாபுரத்தில், விவசாயக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். தாளும் பென்சிலும் இல்லாத பள்ளியில் ஆற்றுமணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் பழகியதை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். உறவுப்பெண்கள் மூவர் பிரசவ காலத்தில் அடுத்தடுத்து இறந்துபோனதைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று உறுதி கொண்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் பட்டம் பெற்று, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தவரை முப்பது வயதுக்குள் முடக்குவாதம் தாக்கியது. மூட்டுகள் வீங்கி, விரல்கள் கோணிப்போய், பேனாவைக்கூடப் பிடிக்க இயலாமல் நெடுநாள் படுக்கையில் கிடந்தார். மகப்பேறு மருத்துவக் கனவு அத்துடன் முடிந்தது.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் கண் மருத்துவம் படித்தார். கண்புரை அறுவையில் கருவிழியின் விளிம்பில் கத்தி இறங்க வேண்டிய இடம் மயிரிழை அளவுதான். சற்றே பிசகினாலும் பார்வை போய்விடும். இனி ஒருநாளும் நிமிரப்போவதில்லை என்று ஆகிவிட்ட விரல்களுக்கு இடையே அந்தக் கத்தியை அசையாமல் நிறுத்தும் விதத்தை அவர் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டார். அந்த விரல்களால் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைசிகிச்சைகளைச் செய்தார் என்பதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

இனி நீங்கள் கேட்ட வீட்டுக்கு வருகிறேன். தந்தை மறைந்தபின் தம்பி தங்கைகளைப் படிக்கவைப்பதும் அவர்களுக்கு நல்லபடியாக மணமுடித்து வைப்பதும் மூத்தவரான அவர் தோளில் விழுந்தன. தாம் மணம் செய்துகொள்ளாமலே இருந்து அத்தனையையும் முறையாகச் செய்துமுடித்தார். 1976-இல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையைத் தொடங்க நினைத்தபோது கையில் பணம் இல்லை. வீடு அடமானத்துக்குப் போனது. குடும்பத்துப் பெண்களின் நகைகளும் அடகுக்குப் போயின. அந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்பதைத்தான் உங்கள் கடிதம் எனக்கு உறுத்தலோடு நினைவூட்டியது.

பெயர் தெரிந்தவர்களையாவது சொல்ல வேண்டும். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்களாக அண்ணனோடு நின்றார்கள். நம்பெருமாள்சாமியின் தங்கை டாக்டர் விஜயலட்சுமியும் அவர் கணவர் டாக்டர் எம். சீனிவாசனும் வந்து சேர்ந்தார்கள். கட்டடத்தையும் கணக்கையும் தம்பி ஜி. சீனிவாசன் தூக்கிச் சுமந்தார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, கண் பரிசோதனையிலும் அறுவைக்கூடப் பணியிலும் பயிற்சி தந்து, அவர்களை அந்த மருத்துவமனையின் முதுகெலும்பாக ஆக்கியதில் பெரும்பங்கு நாச்சியாருடையது. பணம் கொடுக்க இயன்றவர்களின் கட்டணத்தைக் கொண்டு, இயலாத பெரும்பாலானவர்களுக்கு இலவசமாகவும் குறைந்த செலவிலும் சிகிச்சை தரும் அந்த முறையை 1993-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி பாடமாகவே எழுதியது. அறுவைக்கூடத்தில் ஒரு மேசையில் சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். மருத்துவர் ஒரு நிமிடத்தையும் வீணாக்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். இந்த ஏற்பாட்டை எல்லோரும் வியக்கிறார்கள். தொடக்க ஆண்டுகளில் குறைந்த ஊதியத்துக்கு நாள் முழுக்க அந்த மேசைகளுக்கு நடுவே நின்றவர்களில் பலர் ஒரே குடும்பத்தார் என்பதையும், வெளியே இதைவிட வசதியான வாழ்க்கை அவர்களுக்குக் காத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பாடம் முழுமையாகும் என்பது என் எண்ணம்.

அவரிடம் கடுமையும் இருந்தது. தாம் உழைக்கும் அளவுக்கு மற்றவர்களும் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வது எளிதாக இருந்திருக்காது. ஆனால் 2006 ஜூலை 7 அன்று அவர் மறைந்தபின்னும் அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை அந்த வேலையைத் தன் வேலையாகத் தொடர்கிறது. வற்புறுத்தலால் மட்டும் இது நடந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அண்ணன்மேல் அவர்களுக்கு இருந்த பிரியம் அதில் இருக்கிறது.

உங்கள் தந்தையைப் பற்றி நீங்களே எழுதுங்கள். அவர் கைராசியைப் பற்றி ஊர் சொன்னதெல்லாம் உண்மைதான், அதுவும் அதில் இருக்கட்டும். அம்மா நலமாக இருந்தால், அவரருகே உட்கார்ந்து அந்த இரவுகளைப் பற்றிக் கேளுங்கள்: யார் வந்தார்கள், அப்பா திரும்பி வரும்வரை அம்மா விழித்திருந்தாரா, மறுநாள் காலையில் உங்களைப் பள்ளிக்கு அனுப்பியது யார் என்று. எழுதி அனுப்பினால் இந்தத் தளத்தில் மகிழ்ச்சியோடு வெளியிடுகிறேன். அம்மா விரும்பினால் அவர் பெயரோடு.