கேளுங்கள், சொல்கிறோம்: க்னாவா இசை

மொரோக்கோவின் க்னாவா பாட்டை ஒருவர் சூபி இசை என்கிறார், இன்னொருவர் ஜாஸ் என்கிறார். எது சரி?
– வாசகர், கல்முனை

ஜாஸ் இல்லை. ஜாஸ்காரர்கள் அதைத் தேடிப் போனார்கள், அவ்வளவுதான். சஹாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் மொரோக்கோவில் வளர்த்த சடங்கிசை இது. சூபி என்பது ஓரளவு சரி: அல்லாஹ்வையும் நபியையும் வலிமாரையும் போற்றும் பாட்டுகளோடு, ‘ம்லூக்’ எனப்படும் ஆவிகளை அழைக்கும் பாட்டுகளும் உண்டு. ‘லீலா’ என்ற சடங்கு விடிய விடிய நடக்கும். ஏழு நிறங்கள், நிறத்துக்கு நிறம் துணியும் சாம்பிராணிப் புகையும் மாறும். ‘மஅல்லெம்’ எனப்படும் தலைமைக் கலைஞர் கெம்ப்ரி என்ற நரம்பு வாத்தியத்தை வாசிப்பார், மற்றவர்கள் க்ராகெப் என்ற இரும்புத் தாளத்தைத் தட்டிப் பாடுவார்கள், ஆடுபவருக்கு உரு வரும். கண்ணகியம்மன் சடங்கில் தெய்வம் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. 2019இல் யுனெஸ்கோ இதை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

எங்களிடம் பேஸ் கிற்றார், கீபோர்ட், ட்ரம் செட், உடுக்கு இருக்கின்றன. க்னாவா கலப்பிசை செய்து பார்த்தோம். பைலா மாதிரியே வருகிறது. ஏன்?
– இசைக்குழுவினர், கல்லடி

ட்ரம் செட்டை முதலில் வைத்துவிட்டு அதன்மேல் க்னாவாவை ஏற்றியிருப்பீர்கள். பாதிக் கலப்பிசை கெட்டுப்போவது அங்கேதான்.

க்ராகெப் ஒரு எண்ணிக்கைக்குள் மூன்று அடி அடிக்கும். அந்த மூன்றும் ‘தகிட’ போலச் சமமாகவும் விழாது, ‘தகதிமி’யில் ஓரடி விட்டதுபோல நேராகவும் விழாது. இரண்டுக்கும் இடையில் விழும். வேகம் கூடக்கூட அந்த இடமும் நகரும். பைலாக் கை சமமான ஆறுக்கே பழகியது, அதனால் தானாக அந்தப் பக்கம் இழுத்துவிடும். கணினியில் பதிவு செய்து, அடிகளைச் சம இடைவெளிக்கு இழுக்கும் ‘குவாண்டைஸ்’ பொத்தானை அழுத்தினாலும் இதே கதிதான். பாட்டு மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் ஏற வேண்டும் என்பதால் மாறாத வேகத்தில் தட்டும் க்ளிக் ஒலியைப் போட்டு வாசிப்பதும் பொருந்தாது. முதலில் பேஸும் க்ராகெப்பும் மட்டும் க்ளிக் இல்லாமல் முழுப் பாட்டையும் வாசித்துப் பதியுங்கள். மற்றவை பிறகு அதைக் கேட்டு வரட்டும். ட்ரம் செட்டில் ஹை-ஹற் என்ற இரட்டைத் தட்டைத் தொடவே வேண்டாம், அந்த இடம் க்ராகெப்புக்குரியது.

கெம்ப்ரிக்கு மூன்று நரம்பு. தாழ்ந்த நரம்பு அடிச்சுரம். இன்னொன்று அதற்கு நாலாம் சுரம். குட்டையான மூன்றாவது அடிச்சுரத்தின் மேல்ஸ்தாயி. அந்தக் குட்டை நரம்பை விரலால் அழுத்துவதில்லை, சும்மா மீட்டிவிடுவது மட்டும்தான். பேஸ் கிற்றாரில் இதைப் பெற ஈ நரம்பை டீக்கு இறக்குங்கள், ஏ நரம்பை ஜீக்கு இறக்குங்கள், டீ நரம்பை அப்படியே விடுங்கள். பாலத்தருகே நரம்புகளுக்கடியில் ஒரு பஞ்சுத்துண்டு செருகி, பெருவிரலால் மீட்டினால் நீண்ட இரைச்சல் போய் மரத்தொனி வரும். மஅல்லெம் தோலையும் கையால் தட்டிக்கொண்டே வாசிப்பார். அந்தத் தட்டை உங்கள் உடுக்கு ஏற்கலாம். உடுக்கு அதற்குமேல் போனால் எல்லோரையும் மூடிவிடும்.

கீபோர்ட்காரர் கோர்ட் மாற்றிக்கொண்டே போகக் கூடாது. இந்த இசை பெரும்பாலும் ஐந்து சுரத்தில், ஒரே அடிச்சுரத்தைச் சுற்றி நிற்கிறது. சுத்த தன்யாசி, மத்தியமாவதி தெரிந்த காதுக்குப் பிடிபடும், ஆனால் கமகம் வேண்டாம்.

கெம்ப்ரியை இங்கேயே செய்யலாமா?
– வாசகர், ஆரையம்பதி

செய்யலாம். ஒரே மரத்துண்டைத் தோணிபோலக் குடைவது உடல். அங்கே அத்தி, வால்நட் மரங்கள்; இங்கே காய்ந்த பலா போதும். மேலே ஒட்டகத் தோலுக்குப் பதில் கன்றுத்தோல் போடுங்கள், ஆட்டுத்தோல் மெலிது. கைப்பிடி உருண்டைக் கம்பு. அது உடலுக்குள் போய், அதன் நுனி தோலில் வெட்டிய துளையால் வெளியே தெரியும். நரம்பின் கீழ்முனை அதில்தான் கட்டப்படுகிறது. பாலம் தோலின்மேல் நிற்பதால், தோல் அசைந்தால் சுருதியும் அசையும். வாவிக்கரை மாரியில் தோல் தளர்ந்து பாலம் தாழும். சுருதி இறங்கி நரம்பு இரையும். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் எதிர்மாறாகத் தோல் விறைத்துச் சுருதி ஏறும். மாரியில் வாசிக்கும்முன் பறையைக் காய்ச்சுவதுபோல இளஞ்சூடு காட்டுங்கள். நெருப்புக்கு மிகக் கிட்டப் பிடித்தால் தோல் வெடிக்கும். கச்சானில் வாசித்து முடிந்ததும் நரம்பைத் தளர்த்திவிடுங்கள்.

திருவிழா மேடையில் ஒலிவாங்கி மட்டும் வைத்தால், தோல் பக்கத்து ஒலிபெருக்கியின் சத்தத்தை வாங்கி ஊளையிடும். தோலில் ஒட்டி அதன் அதிர்வை நேரே வாங்கும் பிக்கப் ஒன்று சேருங்கள். க்ராகெப்புக்கு எதிர்மாறு: ஒலிவாங்கியை இரண்டு மீற்றராவது தள்ளி வையுங்கள். சின்ன மண்டபத்தில் இரண்டு பேர் தட்டினாலே காது அடைக்கும்.

சடங்குப் பாட்டை மேடையில் பாடலாமா?
– வாசகி, அக்கரைப்பற்று

லீலாவிலேயே ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் தபல் மேளத்தோடு ஊர்வலம், அடுத்து கேளிக்கைப் பகுதி, கடைசியில்தான் ம்லூக். மேடைக்குக் கேளிக்கைப் பகுதிப் பாட்டுகளை எடுங்கள். ம்லூக் பாட்டைப் பாதியில் நிறுத்திக் கைதட்டல் வாங்குவது அழகில்லை என்பது எங்கள் அபிப்பிராயம், கலப்பிசைக்காரர் பலர் செய்தாலும்கூட.

எதைக் கேட்டுத் தொடங்கலாம்?
– வாசகர், ஏறாவூர்

மஅல்லெம் மஹ்மூத் கினியா அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸுடன் செய்து 1994இல் வந்த இசைத்தட்டு. சாக்ஸபோன் கெம்ப்ரிக்கு வழிவிடுவதைக் கவனியுங்கள். பியானோக்காரர் ராண்டி வெஸ்டன் மொரோக்கோவின் தாஞ்சியரில் வாழ்ந்து, மஅல்லெம் அப்துல்லா எல் கூர்துடன் நெடுங்காலம் வாசித்தவர். ரெகே பிடிக்குமென்றால் பிரான்சின் க்னாவா டிஃப்யூஷன். பெண் கெம்ப்ரி கேட்க அஸ்மா ஹம்சாவி. இந்தக் கலப்புகளையெல்லாம் ஒரே இடத்தில் கேட்கத் தருவது 1998இல் மொரோக்கோவின் எஸ்ஸவீரா நகரில் தொடங்கிய விழா.

க்ராகெப்புக்கு என்ன செய்வது?
– வாசகர், சம்மாந்துறை

கொல்லரிடம் படம் காட்டுங்கள். ‘8’ வடிவில், ஒரு சாணுக்குச் சற்று மேல் நீளத்தில், இரு வட்டமும் நடுவில் குழிந்த இரும்புத் தகடு. ஒரு கைக்கு இரண்டு, மொத்தம் நான்கு. அலுமினியம் தகர டப்பாபோலச் சத்தமிடும், வேண்டாம். ஒரு முனையைச் சேர்த்துக் கட்டி, பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் தோல் வார் போடுங்கள். வார் தளர்ந்தால் விரல் நசியும். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், வாசித்ததும் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசி வையுங்கள்.