சுரங்கக் கழிவைப் பாதுகாப்பாகவும் குறைந்த செலவிலும் அகற்ற வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் கழிவை எங்கே கொட்டுவது என்பதற்கு முன்னால், அதிலுள்ள தண்ணீரை என்ன செய்வது என்று கேட்க வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் நீலகிரியில் பந்தலூர் பக்கம். கர்நாடகத்தில் ஒரு தங்கச் சுரங்கத்தின் ஆலைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். ஒரு டன் பாறையை அரைத்தால் சில கிராம் தங்கம் தேறும். மிச்சமெல்லாம் தோசை மாவு போன்ற சேறு. அதை அப்படியே அணை கட்டித் தேக்குவதுதான் பழைய வழக்கம். முதல் நாள் கணக்கில் அதுதான் மலிவு. 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடின்யோவில் உடைந்தது அப்படிப்பட்ட அணை. கழிவு கொட்டுவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கீழே கம்பெனி உணவகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். 270 பேர் செத்துப்போனார்கள்.

அதே சேற்றை வடிகட்டும் இயந்திரத்தில் அழுத்தினால் புட்டு மாவின் பதத்துக்கு வந்துவிடும். புட்டு அவிப்பவர்களுக்குப் புரியும்: கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் லாரியில் ஏற்றலாம், அடுக்கி ரோலர் ஓட்டலாம், அணையே தேவையில்லை. இயந்திரம் விலை கூடத்தான். ஆனால் பிழிந்த தண்ணீர் ஆலைக்கே திரும்புகிறது, குறைந்த நிலம் போதும், சுரங்கத்தை மூடிய பிறகு காலத்துக்கும் அணையைக் காவல் காக்கும் செலவு இல்லை.

எங்கள் மலைக்கு மட்டும் இதை அப்படியே சொல்ல மாட்டேன். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அதில் புட்டு மாவு மறுபடி தோசை மாவாகிவிடும். இங்கே தோண்டிய குழிக்குள்ளேயே திருப்பி அடைப்பதுதான் சரி. கழிவோடு 100 கிலோவுக்கு 3 முதல் 7 கிலோ சிமெண்ட் கலந்து இறக்கினால் கெட்டிப்பட்டு, பக்கத்துப் பாறையையும் தாங்கும். சிமெண்ட்தான் பெரிய செலவு. பாதியை அனல்மின் நிலையச் சாம்பலால் ஈடுகட்டலாம். அரைத்த பாறை உப்பிவிடுவதால் ஏறக்குறைய பாதிதான் உள்ளே அடங்கும், மீதியை வெளியே மூடித்தான் வைக்க வேண்டும். கந்தகம் கலந்த கழிவென்றால் மழையும் காற்றும் பட்டு அமிலம் ஊறும். சுண்ணாம்புக்கல் தூள் கலந்து, மேலே களிமண் போட வேண்டும்.

தேவாலாவில் 1880 வாக்கில் லண்டன் கம்பெனிகள் தங்கம் தேடித் தோண்டிய சுரங்கங்கள் இன்னும் தேயிலைக்கு நடுவே வாய் பிளந்து கிடக்கின்றன. அவற்றில் திருட்டுத்தனமாக இறங்குபவர்கள் பாதரசத்தில் தங்கத்தைப் பிடித்து, பாதரசம் ஆவியாகிப் போகத் திறந்த அடுப்பில் சுடுகிறார்கள். இறங்குவதை நான் ஆதரிக்கவில்லை. இருந்தாலும் மூடிய இரும்புக் கலத்தில் சுட்டு, ஆவி போகும் குழாயைக் குளிர்வித்தால் பாதரசம் சொட்டுச் சொட்டாகத் திரும்பக் கிடைக்கும். இப்போது அது அவர்கள் நுரையீரலுக்கும் ஓடைக்கும் போகிறது, காசு கொடுத்து வாங்கிய சரக்கு.